தகன மேடைக்கு முதல் ஆள்

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று மன்றக் கூட்டம். பதினொரு மணிக்கு என்று தகவல் அனுப்பிவிட்டு, தலைவர் வந்து உட்காரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. அதற்குள் கேசரியைத் தின்று முடித்து மிக்சர் தட்டையும் துடைத்து வைத்துவிட்டோம். மணலேரி பேரூராட்சியில் எது தாமதமானாலும் கேசரி மட்டும் நேரத்துக்கு வந்துவிடும்.

பாதிக் கூட்டம் எரிவாயு தகன மேடைக்கே போனது. ஆவணியில் ரிப்பன் வெட்டித் திறந்தது. உள்ளே டைல்ஸ், வெளியே குழாய், உட்கார சிமெண்ட் பெஞ்சு, எல்லாம் உண்டு. இன்றுவரை ஓர் உடல் வரவில்லை. ஊரில் சாவுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. புது மேடையில் முதலில் எந்த வீட்டு ஆளை வைக்கிறார்களோ அந்த வீட்டில் அடுத்தடுத்து விழும் என்று யாரோ கிளப்பிவிட்டுவிட்டார்கள். அதைப் பரப்பியவர்களில் எங்கள் உறுப்பினர்களே பாதிப் பேர்.

அடுத்தது அமரர் ஊர்தி. வண்டி வாங்கியாகிவிட்டது. அலுவலகத்துக்குப் பின்னால், மாலை காய்ந்து தொங்க நிற்கிறது. அதற்கு வெயில் படாமல் தார்ப்பாய் வாங்குவதா, தகரக் கொட்டகை போடுவதா என்று நால்வர் நெடுநேரம் வாதாடினார்கள். நான் எழுந்து, டிரைவர் எங்கே என்று கேட்டேன். தலைவர் குஞ்சிதபாதம் சிரித்துக்கொண்டே, பணியிட அனுமதி கேட்டு மேலே எழுதியிருக்கிறது என்றார். மேலே என்றதும் செயல் அலுவலர் பிரான்சிஸ் சார் நிஜமாகவே மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் தார்ப்பாய் ஏகமனதாக நிறைவேறியது.

மேடையை இயக்க ஒப்பந்தத்தில் குணசேகரன் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். எரிக்க ஆளில்லாததால் அவர் அங்கே ரோஜாவும் அரைக்கீரையும் போட்டிருக்கிறார். தை பிறக்கும்வரை ஒரு உடலும் வராவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்து மேடையைப் பூட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். தலைவரும் தலையாட்டினார். மன்றத்தில் நான் சண்டை போட்டு வாங்கிய மேடை அது.

தீபாவளி ஜாக்கெட்டுகள் மெஷினுக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கின்றன. அம்மா கஞ்சி வேண்டாம் என்றுவிட்டாள். பித்தமாக இருக்கும்.

அக்டோபர் 9, வியாழன்

சாயங்காலம் காலனியில் எல்லோரையும் கோவிலடியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நம் தெருவில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் மேடைக்குப் போக வேண்டாம், ஊர்க்காரர்களில் ஒருவர் போகட்டும், அப்புறம் நாம் போகலாம் என்று. பக்கிரித் தாத்தாவின் மகன் மதியழகன் மட்டும் ஏன் என்று கேட்டான். பதினொன்றாவது வார்டு உறுப்பினராக இருப்பது நான், சொன்னால் கேள் என்று அடக்கிவிட்டேன். 

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சமுதாயக் கூடம் கட்டியபோது ஊருக்கே பொது என்றுதான் கட்டினார்கள். முதல் கல்யாணம் எங்கள் தெருக் கல்யாணம். பெருமையாகச் சீரியல் விளக்கெல்லாம் போட்டோம். அதற்குப் பிறகு ஊரிலிருந்து ஒரு காதுகுத்துகூட அங்கே நடக்கவில்லை. காலனி மண்டபம் என்று பெயராகிவிட்டது. பெயரானதும் சுண்ணாம்பு நின்றது, குழாயில் தண்ணீர் நின்றது, இப்போது வௌவால்தான் வாடகையில்லாமல் இருக்கிறது. மேடைக்கும் அந்தக் கதி வரக்கூடாது. அது ஒன்றாவது எல்லோரும் ஒரே வாசலில் நுழைகிற இடமாக இருக்கட்டும்.

அக்டோபர் 15, புதன்

ஒரு பாராட்டு விழாவில் தலைவர் மைக்கைப் பிடித்து, படுத்த படுக்கையாக இருக்கும் தன் பெரியம்மாவை மேடையில்தான் தகனம் செய்வேன், நானே முன்மாதிரி என்று அறிவித்துவிட்டார். கைதட்டல். சேதி பெரியம்மா காதுக்குப் போனதாம். மறுநாளே எழுந்து உட்கார்ந்து நெய் தோசை கேட்டாளாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. ஜாக்கெட், ஜாக்கெட், ஜாக்கெட். கொக்கி வைக்க ஆளில்லை. அம்மாதான் எப்போதும் வைப்பாள். கை நடுங்குகிறது என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். கண் மங்கியிருக்கும், கண்ணாடி மாற்ற வேண்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. எங்கள் சுடுகாட்டுக்கு வயல் வரப்பில் போய், வாய்க்காலில் இறங்கி, அக்கரை ஏற வேண்டும். எங்களில் புதைக்கிறவர்களும் உண்டு, எரிக்கிறவர்களும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் இரண்டுமே முடியாது. குழி வெட்டினால் ஊற்று, விறகு அடுக்கினால் ஈரம். ஊர்ச் சுடுகாட்டுக்கோ சிமெண்ட் ரோடும் தகரக் கொட்டகையும் இருக்கின்றன.

வாய்க்காலுக்குக் குறுக்கே சின்னப் பாலம் கேட்டு நான் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று இன்று பிரான்சிஸ் சாரிடம் கேட்டேன். இந்த வருடப் பணிகளிலிருந்து நீக்கிவிட்டார்களாம். அதுதான் மேடை வந்துவிட்டதே, பாலம் எதற்கு என்று மேலே கேட்டார்களாம். தலையில் அடித்துக்கொள்வதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

பக்கிரித் தாத்தா நேற்று இறந்துவிட்டார். மழை விடவே இல்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் முன்பு சொன்னதையே சொன்னேன்.

வாய்க்காலில் தண்ணீர் நெஞ்சளவு. பாதி வழியில் ஒருவனுக்குக் கால் வழுக்கிப் பாடை சாய்ந்ததாம். தாத்தாவின் கை தண்ணீருக்குள் போய் வந்ததாம். அக்கரையில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி எரித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பினார்கள்.

நான் இன்று முழுக்க மெஷினில் உட்காரவில்லை.

நவம்பர் 5, புதன்

மதியழகன் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்று மெதுவாகத்தான் பேசினான்.

“அக்கா, அங்க மேடை சும்மா கெடக்கு. எங்கப்பன தண்ணியில முக்கித் தூக்கிட்டுப் போனோம். எதுக்குன்னு மட்டும் சொல்லு.”

சமுதாயக் கூடத்துக் கதையைச் சொன்னேன். நாம் முதலில் போனால் அவர்கள் கடைசிவரை வரமாட்டார்கள் என்றேன். முழுசாகக் கேட்டான்.

“அவங்க வர்றவரைக்கும் நம்ம சாவாம இருக்க முடியுமாக்கா?”

 காபி குடித்துவிட்டுப் போ என்றேன். வேண்டாம் என்று போய்விட்டான்.

நவம்பர் 6, வியாழன்

அவன் பேசியதை உள்ளே படுத்திருந்த அம்மா கேட்டிருக்கிறாள். இன்று தலை வாரிவிடும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னைய அந்த வாய்க்கால்ல எறக்காதடி. சின்னதுலேருந்தே எனக்குத் தண்ணின்னா பயம்.”

நூறு வயது இருக்கப் போகிறவள் இப்போதே ஏன் பேசுகிறாய் என்று அதட்டிவிட்டு, டீச்சர் வீட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் வைக்க உட்கார்ந்தேன். தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன். கரண்ட் போய்ப் போய் வந்தால் தையல் எப்படி நேராக வரும்?

நவம்பர் 12, புதன்

தலைவரின் பெரியம்மா காலையில் போய்விட்டாள். சேதி வந்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. சாவு வீட்டுச் சேதிக்குச் சந்தோஷப்பட்டேன் என்று எழுதவே கூசுகிறது, ஆனால் பட்டேன். மாலை வாங்கிக்கொண்டு ஓடினேன். போகிற வழியில் மேடையை எட்டிப் பார்த்தால், குணசேகரன் தரையைக் கழுவி, கோலம்கூடப் போட்டு, புதுச் சட்டையில் நிற்கிறார். கோலம் வேண்டாம் அண்ணா, அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மதியத்துக்கு மேல் பங்காளிகள் கூடிப் பேசினார்கள். பேசிய கையோடு பாடை ஊர்ச் சுடுகாட்டுப் பக்கம் திரும்பியது. தலைவர் என்னைத் தேடிவந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“நான் என்னம்மா பண்றது, பங்காளிங்க ஒத்துக்கல.” குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலும் சொன்னார். “உங்க பக்கம் யாராவது இருந்தா ஆரம்பிச்சு வைங்களேன். மேடையும் பூட்டாம இருக்கும்.”

வாய்வரை வந்ததை விழுங்கினேன். சாவு வீடு.

திரும்பும்போது குணசேகரன் புதுச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கட்டு கொடுத்தார். வாங்கி வந்து கடைந்தேன். தலைவர் வீட்டுத் துக்கத்தை விட அந்தக் கீரைக்குத்தான் மனசு கஷ்டப்பட்டது. பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூட எங்கே விளைந்தது என்று சொல்லாமல்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம்.

நவம்பர் 18, செவ்வாய்

டிரைவர் விஷயமாக மறுபடி பிரான்சிஸ் சார். மனிதர் நல்லவர், கோப்புதான் அவரைச் சுற்றிச் சுற்றி ஓட வைக்கிறது. ஓடாத வண்டிக்கு டிரைவர் பணியிடம் தரமுடியாது என்று பதில் வந்திருக்கிறதாம். டிரைவர் இல்லாமல் வண்டி எப்படி ஓடும் என்று கேட்டேன். அதையும் எழுதிக் கேட்டிருக்கிறோம் என்றார். குப்பை வண்டி டிரைவரைக் கேட்டதற்கு, அந்த வண்டியைத் தொட்டால் என் பெண்டாட்டி வீட்டுக்குள் விடமாட்டாள் என்றாராம். குணசேகரனுக்கும் மார்கழியோடு சரி என்று கடிதம் தயாராகிறது.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டையும் செய்துவிட்டு ஒரு ஆள் போடமுடியாமல் நிற்பது எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும்.

நவம்பர் 22, சனி

டாக்டர் வந்து அம்மாவுக்கு ஊசி போட்டார். தனியாகக் கூப்பிட்டு ஏதேதோ சொன்னார், இங்கிலீஷில் பாதி புரியவில்லை. திருப்பூரில் லாரி ஓட்டும் தம்பி ராஜவேலுக்குச் சும்மா ஒரு போன் போட்டேன். வந்து ரொம்ப நாளாகிறதே, ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்றேன். என்ன ஏது என்று கேட்காமல் கிளம்பிவிட்டான்.

நவம்பர் 25, செவ்வாய்

மழை. தைக்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

எழுதாமல் விட்டால் விட்டுப்போய்விடும். எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை விடிகாலை அம்மா போய்விட்டாள். தூக்கத்திலேயே. ராஜவேல் காலடியில் உட்கார்ந்திருந்தான்.

விடிந்ததும் தெரு ஆட்கள் மூங்கிலோடு வந்துவிட்டார்கள். மழை கொட்டுகிறது. வாய்க்கால் கரையைத் தொட்டு ஓடுகிறது என்று ஒருவர் சொன்னார். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மதியழகன் மட்டும் மூங்கிலைத் தொடாமல் ஓரமாக நின்றான். அவனைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“மேடைக்குத்தான் கொண்டுபோறோம்.”

சொல்லும்போதே அவன் அப்பா ஞாபகம் வந்தது. தாத்தாவுக்கு ஒரு நியாயம், என் அம்மாவுக்கு ஒரு நியாயமா என்று அவன் கேட்டிருந்தால் நான் செத்திருப்பேன். அவன் கேட்கவில்லை. கைக்கு எட்டிய குடையை எடுத்துக்கொண்டு என்னோடு அலுவலகத்துக்கு நடந்தான். அவன் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு வழியெல்லாம் வரவில்லை.

பிரான்சிஸ் சார் வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தார். டிரைவர் இல்லையே என்று அவர் ஆரம்பிக்க, என் தம்பி ஓட்டுவான், லைசென்ஸ் இருக்கிறது என்றேன். விதிப்படி ஏதோ சொல்ல வந்தவர், சாவியை என் பக்கம் தள்ளினார். தார்ப்பாயை மதியழகனும் அவருமே இழுத்துப்போட்டார்கள்.

தலைவர் போனில் துக்கம் விசாரித்தார். நாலு வார்த்தை அம்மாவைப் பற்றி, மீதி மேடையைப் பற்றி. நல்ல முடிவும்மா, கட்டணம் ஒன்றும் வேண்டாம், போட்டோ எடுக்க ஆள் அனுப்பட்டுமா என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அந்தக் குரலில் இருந்த நிம்மதி இன்னும் காதில் கேட்கிறது.

காலனியிலிருந்து மேடைக்குத் தேரோடும் வீதி வழியாகத்தான் ரோடு. எங்கள் தெருச் சாவு அந்த வீதியில் இதுவரை போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, போனதும் இல்லை. பெற்ற தாயை வைத்துக்கொண்டு ராஜவேல் முதல் கியரிலேயே ஓட்டினான். சாவு போகும்போது கடைக்காரர்கள் மரியாதைக்கு ஷட்டரைப் பாதி இறக்குவது வழக்கம். சிலர் பாதி இறக்கினார்கள். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பலர் முழுசாக இறக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு கடையையும் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். ஒருவர்கூட வண்டியை நிறுத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

வழக்கப்படி பெண்கள் தெரு முக்கோடு நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. கூட்டத்தில் அத்தனை சண்டை போட்டு வாங்கிய இடத்தில் அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்ப முடியாது. குணசேகரன் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்துச் செய்தார். அவருக்கும் முதல் தடவை. உள்ளே வெளிச்சமாக, காய்ந்து, சுத்தமாக இருந்தது. மழை தகரத்தில் மட்டும் கேட்டது. அம்மா மேல் ஒரு துளி படவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது, சத்தம் போட்டு அழுதேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

டீக்கடையில் பெயர் வைத்துவிட்டார்களாம். காலனி மேடை. குணசேகரன் தான் செய்த தப்பு மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வந்து சொன்னார். நேற்று வடக்குத் தெருவில் ஒருவர் இறந்து, மழையில் ஊர்க் கொட்டகைக்குத்தான் போனார்களாம். ஆனாலும் அவருடைய வேலை தப்பித்தது. ஒருவர் வந்துவிட்டதால் மேடை பயன்பாட்டில் உள்ளது என்று எழுதி ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள்.

ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த வாத்தியார் சம்சாரம், பாவம் அம்மா புண்ணியவதி, நல்ல இடத்துக்குப் போனாள் என்றாள். உங்கள் மாமியாருக்கும் அங்கே இடம் இருக்கிறது என்று சொல்லவந்து, கை அளவைக் குறித்துக்கொண்டேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மன்றக் கூட்டம். முதலில் அம்மாவுக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌனம். அப்புறம் தெருவிளக்கு, கொசு மருந்து, குழாய் உடைப்பு. கேசரியில் முந்திரி அதிகம்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கப் போகிற நேரத்தில் தலைவர் ஒரு மேசைப் பொருள் என்றார். முன்கூட்டித் தாளில் அச்சிடாமல், கடைசி நிமிடத்தில் மேசையில் வைத்துக் கை தூக்கச் சொல்வதற்கு எங்கள் மன்றத்தில் அதுதான் பெயர். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் யாரும் படிக்கமாட்டார்கள். கிளார்க் கடகடவென்று வாசித்தார். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் கூடுதலாக ஒரு எரிவாயு தகன மேடை, இப்போதுள்ள வளாகத்தின் வடபுறம், தனி நுழைவாயிலும் நடுவே மதிலும் சேர்த்து. அதற்கு ஆபரேட்டர் பணியிடம் ஒன்று, டிரைவருடன் ஊர்தி ஒன்று.

கைகள் உயர ஆரம்பித்தன. நான் எழுந்தேன். பிரான்சிஸ் சாரிடம், இருக்கிற மேடைக்கு இதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். ஒருவர் என்றார், என்னைப் பார்க்காமல்.

“அது எங்கம்மா,” என்றேன். “அந்த ஒருத்தருக்கே எடம் பத்தலையா?”

தலைவர் எதிர்காலத் தேவை என்றார். ஊர் வளர்கிறது, கூட்டம் கூடும், திட்டமிடல் என்றார். நான் உட்காரவில்லை. சண்டை போட்டால் அழுதுவிடுவேன் என்று தெரியும், அதனால் மெதுவாகத்தான் பேசினேன்.

“சரிங்க தலைவரே, எனக்கு ஆட்சேபனை இல்ல. தீர்மானத்துல காரணத்த மட்டும் எழுதச் சொல்லுங்க. ரெண்டாவது எதுக்கு, தனி வாசல் எதுக்கு, நடுவுல மதில் எதுக்குன்னு. யாரு சொல்றீங்களோ அவங்க பேரையும் சேத்து எழுதுனா நானும் கை தூக்குறேன்.”

கிளார்க் பேனா மூடியைத் திறந்து, காரணம் என்று எழுதிவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் துணைத் தலைவரைப் பார்த்தார். துணைத் தலைவர் எட்டாவது வார்டைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது என்னவென்று தெரியும், வீட்டில், டீக்கடையில், பங்காளிகள் கூட்டத்தில் வாய் வலிக்கப் பேசியிருப்பார்கள். என் முகத்துக்கு நேரே, பெயரைக் கொடுத்து, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உயர்த்திய கைகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின. ஒத்திவைக்கப்படுகிறது என்றார் தலைவர்.

அடுத்த கூட்டத்திலும் கொண்டுவருவார்கள். நானும் அதையேதான் கேட்பேன்.